கண்ணாடித் தொட்டிக்குள் ஆப்பிரிக்க ஏரி



சென்ற ஆண்டு சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் சாக்கிரீஸ்து வாசலில் வந்து நின்றான். மறைக்கல்வி வகுப்பில் முன் வரிசையில் அமர்கிற பையன். முகம் வாடியிருந்தது. “ஃபாதர், என் மீன் எல்லாம் செத்துப்போச்சு. நான் காலையில இரை கூடப் போட்டுட்டேன். அதுக்காக நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?” என்று கேட்டான்.

அன்று மாலை அவன் இல்லம் சென்றேன். புதுநன்மை பெற்றதன் நினைவாக அவன் மாமன் வாங்கிக்கொடுத்த நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி, மேற்குச் சுவரையொட்டி நின்றது. சென்னைக் கொளத்தூரில் வாங்கிப் பொதிகை விரைவு வண்டியில் கொண்டுவந்த பத்து ஆப்பிரிக்க மீன்களுள் ஏழு இறந்திருந்தன. எஞ்சிய மூன்றும் நீரின் மேற்பரப்பில், காற்றுக்குமிழ் எழும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெப்பமானியைப் பார்த்தேன்; 35 டிகிரி காட்டிற்று. நீருக்கடியில் இருந்த ஹீட்டரின் சிவப்பு விளக்கு அந்தக் கோடை மாலையிலும் எரிந்துகொண்டிருந்தது. அதனுள் இருந்த தானியங்கி விசை பழுதுபட்டு, வெப்பத்தை நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த ஹீட்டரை வாங்கச் சொன்னவன் நான். மார்கழியில் ஒருநாள் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது தொட்டி நீரில் விரலை வைத்துப் பார்த்து, “ஆப்பிரிக்கா வெப்ப நாடு அல்லவா? இம்மீன்களுக்குக் குளிர் ஆகாது. ஒரு ஹீட்டர் வாங்கி வையுங்கள்” என்று அறிவுரை வழங்கிவிட்டுக் காப்பி அருந்தி வந்தவன் நான்தான். குருவானவர் சொல்லிவிட்டார் என்பதால் அவர்களும் உடனே வாங்கினார்கள். கோடை வந்தபோது அதை எடுத்துவிடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. மகனைக் கடிந்துகொண்டிருந்த தந்தையிடம், “பிழை பையனுடையது அன்று, என்னுடையது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அரைகுறை அறிவோடு கூறிய அறிவுரைக்குக் கழுவாய் தேடும் எண்ணத்தோடு, அதன் பின்னர் இப்பொருளைப் பற்றிக் கற்றேன். மீன் வளர்ப்போரிடம் கேட்டறிந்தேன். நம் பங்குகளில் இன்று பல வீடுகளில் கண்ணாடித் தொட்டிகள் உள்ளன. நான் கற்றது அவ்வீடுகளுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நமக்குப் பழகிய குடும்பமே

கடைகளில் ‘ஆப்பிரிக்கன் சிக்லிட்’ என்று விற்கப்படும் இம்மீன்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். நம் குளங்களில் வலைவீசிப் பிடித்துக் குழம்பு வைக்கிறோமே, ஜிலேபிக் கெண்டை, அதுவும் ஆப்பிரிக்கச் சிக்லிட்டே. மொசாம்பிக் நாட்டுத் திலேப்பியா என்ற அம்மீன் 1952-ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, குளம், ஏரி, ஆறு எங்கும் பரவிவிட்டது. இந்திய மண்ணுக்கே உரிய சிக்லிட் வகைகள் மூன்று உள்ளன. அவற்றுள் ஒன்று, கேரள மக்கள் விரும்பி உண்ணும் கரிமீன். செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊராதலால், கரிமீனின் சுவையை நம் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கூறுவேன். திருநாடு சென்று கலிலேயக் கடற்கரையில் உணவருந்திய திருப்பயணிகள், ‘புனித பேதுருவின் மீன்’ என்று பரிமாறப்பட்டதை உண்டிருப்பார்கள். நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த அத்திருத்தூதர், ஆண்டவரின் சொற்படி தூண்டில் இட்டு, முதலில் அகப்பட்ட மீனின் வாயில் கோவில் வரிக்கான காசைக் கண்ட நிகழ்ச்சியை மத்தேயு நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்நிகழ்ச்சியின் நினைவாகவே அப்பெயர் வழங்குகிறது. இன்று அப்பெயரால் பரிமாறப்படுவதும் சிக்லிட் குடும்பத்து மீனே.

இங்கே வாசகர் ஒருவர் என்னை மடக்கலாம்: “ஜிலேபிக் கெண்டை நம் குளத்து வெந்நீரிலும் கொழுத்து வளர்கிறதே! அதே குடும்பத்து மீன் தொட்டியில் ஏன் சாக வேண்டும்?” நல்ல கேள்வி. நான் செய்த பிழைக்கும் இக்கேள்விக்குமான விடை, அவை பிறந்த நீரில் இருக்கிறது.

அவை பிறந்த நீர்

ஜிலேபிக் கெண்டை ஆற்றுக் கழிமுகங்களிலும் ஆழமற்ற நீர்நிலைகளிலும் வாழ்ந்து பழகிய மீன். வெயிலில் நீர் சுட்டாலும், மழையில் குளிர்ந்தாலும், உப்பு ஏறினாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அழகுக்காக நாம் வளர்க்கும் மஞ்சள், நீல, வரிப்பட்டை மீன்கள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பேரேரிகளைச் சேர்ந்தவை. மலாவி ஏரி ஏறத்தாழ 700 மீட்டர் ஆழமுடையது. தங்கனீக்கா ஏரி 1,470 மீட்டர் ஆழமுடையது. உலகின் ஆழமான ஏரிகளுள் இரண்டாவது இடம் அதற்கு உண்டு. மூன்றாவதான விக்டோரியா ஏரி ஆழம் குறைந்ததாயினும் பரப்பில் மிகப் பெரியது. நிலநடுக்கோட்டின் மீதே கிடக்கிறது.

இவ்வேரிகள் நம் திருச்சபை வரலாற்றிலும் இடம்பெற்றவை. லவிஜெரி ஆண்டகை 1868-இல் நிறுவிய ஆப்பிரிக்க மறைப்பணியாளர் சபையின் குருக்கள், உள்நாட்டின் ஊடே நெடுவழி நடந்து, 1879-இல் தங்கனீக்கா, விக்டோரியா ஏரிகளின் கரைகளை அடைந்தனர். விக்டோரியா ஏரியின் வடகரைப் பகுதியில்தான் புனித சார்லஸ் லுவாங்காவும் அவருடைய தோழர்களும் 1886-இல் இரத்தம் சிந்திச் சான்று பகர்ந்தனர். ஜூன் 3 அன்று அவர்களைத் திருச்சபை நினைவுகூர்கிறது.

நிலநடுக்கோட்டுப் பகுதி என்றவுடன் கொதிக்கும் நீர் என்று நான் எண்ணிவிட்டேன். உண்மை வேறு. விக்டோரியா ஏரி கடல்மட்டத்திற்கு மேல் 1,130 மீட்டருக்கும் சற்று உயரத்தில் உள்ளது; தங்கனீக்கா ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலத்தின் உயரம் வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. நீரின் பேரளவு ஏற்றத்தாழ்வைத் தடுக்கிறது. ஒரு குடம் நீர் ஒரு நண்பகலில் சூடாகும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள ஏரி அவ்வாறு ஆகாது. மலாவி ஏரியின் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 23 டிகிரிக்கும் 28 டிகிரிக்கும் இடையிலேயே இருக்கிறது. அடியாழத்திலோ எக்காலமும் 22, 23 டிகிரிதான். தங்கனீக்காவிலும் ஏறத்தாழ இதே நிலைதான்.

ஆகவே இம்மீன்கள் வெப்பத்திற்குப் பழகியவை என்பதைவிட, மாறாத நீருக்குப் பழகியவை என்பதே பொருந்தும். பகலும் இரவும், கோடையும் குளிரும் அவற்றின் நீரை மெல்லத்தான் தீண்டுகின்றன. நம் வீட்டுத் தொட்டியோ காலைக்கும் மாலைக்கும் இடையே நான்கைந்து டிகிரி ஏறி இறங்குகிறது. அவ்வளவு மாற்றத்தைத் தாய் ஏரியில் அவை ஓராண்டில் காணும்.

நினைவில் கொள்ள வேண்டிய அளவுகள்

மூன்று ஏரிகளின் மீன்களுக்கும் பொதுவாக 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை மிக நன்று. 28 டிகிரி வரை கவலை வேண்டா. 30-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 32-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கீழ்ப்பக்கத்தில் 22 டிகிரியைச் சில நாள்கள் தாங்கும். 20-க்குக் கீழே இறங்கினால் இரை செரியாது. நோய் எளிதில் பற்றும். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல் காத்துக்கொள்வது மிக முக்கியம்.

வெப்பம் ஏறினால் மீனுக்கு என்ன நேர்கிறது? குடும்பம் நடத்துவோருக்கு இது எளிதில் விளங்கும். வரவு குறைந்து செலவு கூடினால் வீடு என்ன ஆகும்? அதுவே தொட்டியில் நிகழ்கிறது. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவே மீனின் மூச்சு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னுள் கொள்ளும். 33 டிகிரியில் அது ஏறத்தாழ 7.2 மில்லிகிராமாகக் குறைகிறது. இது வரவின் குறைவு. செலவைப் பார்ப்போம். மீனுக்கு நம்மைப் போல் தனக்கென்று உடல் வெப்பம் இல்லை. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் பத்து டிகிரி ஏறினால் அதன் உடல் இயக்கம் ஏறத்தாழ இருமடங்காகிறது. இதயம் விரைகிறது, மூச்சு விரைகிறது, பிராணவாயுவின் தேவை பெருகுகிறது. அச்சிறுவனின் மூன்று மீன்கள் குமிழ்களின் அருகே வாய் திறந்து நின்றதன் காரணம் இதுவே.

இதற்கு மேல் ஒரு நஞ்சும் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதில் ஒரு பகுதி தீங்கு குறைந்த வடிவிலும், ஒரு பகுதி கொடிய நஞ்சாகவும் இருக்கும். நீர் காரத்தன்மை உடையதாகவும் வெப்பமாகவும் இருந்தால் நஞ்சின் பங்கு கூடுகிறது. ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கோ காரநீரே ஏற்றது; பி.எச். அளவு 8-ஐ ஒட்டி இருத்தல் வேண்டும். பி.எச். 7 உடைய நீரில், 25 டிகிரி வெப்பத்தில், அமோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கிற்குச் சற்று மேல்தான் நஞ்சு. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டும். அதே நீர் 32 டிகிரிக்கு ஏறினால் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டிவிடும். ஆகவே, வேறு மீன்கள் பொறுத்துக்கொள்ளும் அழுக்கை, கோடையில் இம்மீன்களின் தொட்டி பொறுக்காது. பையன் கூடுதலாகப் போட்ட இரை மட்டும் ஏழு மீன்களைக் கொன்றிராது. ஆனால் 35 டிகிரி நீரில் எந்தச் சிறு பிழையும் பெரிதாகிவிடுகிறது.

நம் ஊரின் ஆண்டு

மீன் வளர்ப்பு நூல்கள் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் வீட்டு நீர் விறைத்துப்போகுமாதலால், ஹீட்டர் வாங்குக என்பதே முதல் அறிவுரையாக இருக்கும். செங்கோட்டையிலும் தென்காசியிலும் நம் நிலை வேறு. நமக்குப் பகை முதலில் வெப்பம், அடுத்து, திடீர் மாற்றம், குளிர் மூன்றாவதுதான்.

மாசி இறுதியில் வெயில் ஏறத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் உச்சம் பெறுகிறது. வைகாசியின் பிற்பகுதியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து, ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் நம் முற்றம் வரை தூவுகிறது. புனித அந்தோனியாரின் திருநாளாகிய ஜூன் 13-ஐ ஒட்டி, நேற்றுவரை வெந்த வீடு இன்று குளிரும். மனிதருக்கு அது பெருமகிழ்ச்சி. தொட்டி மீனுக்கோ அது ஒரு சோதனை. திடீரென நீர் குளிர்ந்தால் மீனின் உடலில் உப்புத் தூள் தூவியது போன்ற வெண்புள்ளி நோய் தோன்றுவது உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழி, தை மாதத்துப் பின்னிரவுக் குளிரிலும் இச்சோதனை மீண்டும் வரும்.

கோடையில் செய்ய வேண்டியவை

முதலில் தொட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். மேற்குச் சுவர், தகரக் கூரையின் கீழ், அடுப்பங்கரையின் அருகு ஆகியவை ஆகா. வீட்டின் நடுவே, வெயில் தீண்டாத, காற்றோட்டமுள்ள இடமே நன்று. தொட்டி பெரிதாக இருத்தலும் ஒரு காவல். நூறு லிட்டர் நீர் மெல்லச் சூடாகும். இருபது லிட்டர் நீர் விரைந்து சூடாகும்.

இரண்டாவது, மேல்மூடியை அகற்றி வலை போர்த்தி, நீரின் மேற்பரப்பில் படுமாறு ஒரு சிறு மின்விசிறியைச் சாய்வாக வையுங்கள். மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நூறு லிட்டர்த் தொட்டியிலிருந்து அரை லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் புகாதபோது, மீதி நீர் ஏறத்தாழ 3 டிகிரி குளிரும். சித்திரை மாதத்து வறண்ட காற்றில் இது நன்கு வேலை செய்யும். குறைந்த நீரை மட்டும் நாள்தோறும் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, பனிக்கட்டி. இதைத் தொட்டியில் கொட்டிவிடுவோர் உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி முற்றும் உருகினால் நூறு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். இருபது லிட்டர்த் தொட்டியில் அதே கட்டி ஐந்து டிகிரியை ஒரே அடியாக இறக்கி மீனைக் கொன்றுவிடும். மிகவும் இன்றியமையாதபோது, மூடிய புட்டியில் உறைந்த நீரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே, மெல்ல இறக்குங்கள்.

நான்காவது, நீர் மாற்றும் நேரம். நம் மாடித் தொட்டிகளில் சித்திரை நண்பகலில் வரும் நீர் கை சுடும். அதைத் திறந்து மீன் தொட்டியில் விட்டால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுமா? விடியற்காலையில், முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த நீரைக் கொண்டு, கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். குழாய் நீரிலுள்ள குளோரினும் அதற்குள் பெரும்பாலும் நீங்கியிருக்கும்.

ஐந்தாவது, ஏர் பம்பு இரவும் பகலும் ஓடட்டும். மின்வெட்டுக் காலத்திற்கென்று பேட்டரியில் இயங்கும் சிறு பம்பு ஒன்று வீட்டில் இருத்தல் நன்று. தொட்டி விளக்கைப் பகலில் அணைத்துவிடுங்கள். அதுவும் வெப்பம் தரும். நீர் 30 டிகிரியைத் தாண்டிய நாள்களில் இரையைப் பாதியாகக் குறையுங்கள். ஒருநாள் முற்றும் நிறுத்தினாலும் வளர்ந்த மீனுக்குத் தீங்கில்லை. தவக்காலத்தில் நாம் ஒருசந்தி இருப்பதில்லையா?

சாரலிலும் மார்கழியிலும்

சாரல் தொடங்கியவுடன் விசிறியை நிறுத்தி, மூடியை மீண்டும் இடுங்கள். சன்னல் வழியே ஈரக்காற்று தொட்டியின் மீது நேரே வீசாதவாறு திரையிடுங்கள். நீரை மாற்றும்போது குளிர்நீரோடு சிறிது வெந்நீர் கலந்து, தொட்டி நீரின் அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஊற்றுங்கள்.

வெப்பமானி பின்னிரவில் 23-க்குக் கீழே நாள்தோறும் இறங்குகிறது என்று கண்டால் மட்டும் ஹீட்டர் தேவை. குளிர்நாட்டு நூல்கள் லிட்டருக்கு ஒரு வாட் என்று கூறும். நம் ஊருக்கு அதில் பாதி போதும். காரணம் இது: நூறு வாட் ஹீட்டர் பழுதுபட்டு நிற்காமல் எரிந்தால், நூறு லிட்டர் நீரை மணிக்கு ஏறத்தாழ 0.9 டிகிரி வீதம் ஏற்றும். ஐம்பது வாட் ஆனால் அதில் பாதிதான். கண்டுபிடிப்பதற்குள் காலம் கிடைக்கும். அதை 25 டிகிரியில் நிறுத்துங்கள். தை முடிந்தவுடன் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். நான் சொல்லத் தவறிய சொல் இதுவே. நீரில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து மீன் கொண்டுவருவோருக்கு ஒரு குறிப்பு. குளிரூட்டிய பெட்டியில் இரவெல்லாம் வந்த மீன்பை, நம் வீட்டுத் தொட்டியைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். பையைத் திறக்காமலே தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் கலந்து, அதன் பிறகே மீனை விடுங்கள்.

ஆற்றில் விடாதீர்

வளர்க்க இயலாமற்போனால், “உயிர்தானே, ஆற்றில் விட்டுப் பிழைக்கட்டும்” என்று குண்டாற்றிலோ சிற்றாற்றிலோ விடும் நல்ல மனத்தினர் உள்ளனர். மனம் நல்லது, செயல் தீது. விக்டோரியா ஏரியில் உணவுக்கென 1950-களில் நைல் பெர்ச் என்னும் பெருமீனை விட்டனர். அங்கு மட்டுமே வாழ்ந்த சிக்லிட் வகைகள் பல அற்றுப்போனதற்கு அது ஒரு பெருங்காரணமாயிற்று. நம் அண்டை மாநிலத்தில் 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர், வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அமேசான் ஆற்று அரப்பைமா மீன்கள் கேரள ஆறுகளில் பிடிபட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. அழகுக்காகப் பிடிக்கப்பட்டே அருகிவரும் ‘மிஸ் கேரளா’ மீன் அவற்றுள் ஒன்று. தொட்டி மீனை வளர்க்க முடியாதவர் கடைக்கோ, வளர்க்க விரும்பும் வேறொரு வீட்டிற்கோ கொடுத்துவிடலாம்.

இரு கடமைகள்

குருவானவருக்கு மீன் தொட்டியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைப் பற்றிப் பேசும் பகுதியில் இரு கடமைகளை அடுத்தடுத்து வைக்கிறது. உயிர்களைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்பது ஒன்று. மனிதரின் துயர் துடைப்பதற்கு முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின் மீது வாரி இறைப்பதும் தகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே நான் பெற்றோருக்குச் சொல்வேன். ஆயிரக்கணக்கில் செலவிட்டுத் தொட்டியை நிறைப்பதைவிட, சில மீன்களை வாங்கி, அவற்றை நன்றாக வைத்திருப்பதே சிறப்பு. கூட்டம் குறைந்தால் பிராணவாயுவின் வரவும் செலவும் சரியாகும். வீட்டின் வரவும் செலவும் சரியாகும். அடிக்கடி இறக்கும் மீனுக்குப் பதில் மீன் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால், உயிர் என்பது கடையில் மாற்றித் தரும் பொருள் என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

என்னிடம் வந்த சிறுவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: “தெரியாமல் நேர்ந்தது பாவம் அன்று, தம்பி. ஆனால் இனித் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நம் இருவருக்கும் சரியன்று.” அன்றிலிருந்து அவன் ஒரு குறிப்பேட்டில், காலை ஆறு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று வேளையும் தொட்டி நீரின் அளவை எழுதலானான். ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் அதை என்னிடம் காட்டுவான். தொட்டியை நடுவறைக்கு மாற்றி விசிறி வைத்த முதல் வாரத்தில், பிற்பகல் அளவு 32-லிருந்து 29-க்கு இறங்கியிருந்தது. வைகாசி நடுவில் 28. சாரல் விழுந்த வாரத்தில் 26. அவ்வாரம் விசிறியை எந்நேரம் நிறுத்தினான், மூடியை எந்நேரம் இட்டான் என்பதையும் ஓரத்தில் எழுதியிருந்தான்.

புனித அந்தோனியார் இரிமினி நகரக் கடற்கரையில் மீன்களுக்குப் போதித்தார் என்பது மரபு. அவருடைய திருநாளன்று மாலை, தேர்ப்பவனி முடிந்து அச்சிறுவன் என் கையைப் பற்றி வீட்டிற்கு அழைத்துச் சென்றான். பிழைத்த மூன்றில் ஒன்றான மஞ்சள் மீன் ஐந்தாறு நாள்களாக இரை தின்னவில்லை. தாடை சற்றுப் பருத்திருந்தது. நோயோ என்று பாட்டி அஞ்சினார். கூர்ந்து பார்த்தபோது விளங்கிற்று. மலாவி ஏரியின் தாய்மீன்கள் முட்டைகளை வாய்க்குள் வைத்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் இரையின்றியே காக்கும் வழக்கம் உடையவை. வாயில் காசு ஏந்திய மீனைப் பற்றித் திருவிவிலியத்தில் படித்திருந்த பையனுக்கு, வாயில் மக்களை ஏந்திய மீனைக் கண்ணெதிரே பார்ப்பது பெருவியப்பாக இருந்தது.

“இப்ப நான் என்ன செய்யணும் ஃபாதர்?” என்றான்.

“ஒன்றும் செய்யாதே. நீரை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்” என்றேன்.

அவன் வெப்பமானியைக் குனிந்து பார்த்தான். 26 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். படைத்தவர் நம் கையில் ஒப்படைத்த சிற்றுயிர்களை இவ்வாறு நாள்தோறும் கண்காணிக்கப் பழகும் பிள்ளை, நாளை தன் வீட்டாரையும் அயலாரையும் அதே கவனத்தோடு காப்பான் என்று நம்புகிறேன். நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தும் இவ்வழியில் தம் மக்களைப் பழக்குவனவாக!